காலிமாட்டி

காத்மாண்டுவில் வேலை பார்த்த நாட்களில் கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தண்ணீரின் லட்சணம் தெரிந்துவிடும். போர்வெல் இருக்கும் வீட்டில் முதலில் தேநீர் வரும். பாலில்லாத அந்தத் தேநீர் மைபோலக் கறுத்திருந்தால் தண்ணீரில் இரும்பு கூடுதல். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. குடித்துவிட்டுத்தான் பரிசோதனைக்கு பாட்டிலில் தண்ணீர் பிடிப்போம். குடிக்காமல் எழுந்தால் நன்றாகவா இருக்கும்?

எங்கள் ஜீப் ஓட்டுநர் என்னைவிட மூத்தவர். நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்பார்கள். பெரிய மீசைக்காரரைத் 'தாய்' என்று கூப்பிட முதல் வாரம் முழுக்க எனக்கு நாக்கு எழவில்லை. காலிமாட்டி என்ற மண்ணை எனக்குக் காட்டியவர் அவர்தான். கறுப்பு மண் என்று பொருள். என் காதில் அது களிமண் என்று விழுந்தது, அதுவும் தப்பில்லை.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் ஏரி. போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ சோபார் என்ற இடத்தில் மலையை வாளால் பிளந்து நீரை வடித்தார் என்பது கதை. ஏரி இருந்ததை நிலவியலும் ஒப்புக்கொள்கிறது, வாளைத்தான் நம்புவதில்லை. அடியில் படிந்த வண்டல் சில இடங்களில் 500 மீட்டரையும் தாண்டும். அதில் புதைந்த செடிகொடிகள் காற்றில்லாமல் மட்கியதால்தான் ஆழத்து நீரில் இரும்பும் அம்மோனியாவும், எரியும் வாயுவான மீத்தேனும். எந்த ஆலையும் கொட்டியதல்ல.

அந்த வண்டலில் ஒன்றான காலிமாட்டியை விவசாயிகள் முன்பு தோண்டியெடுத்து வயலுக்கு எருவாகப் போட்டிருக்கிறார்கள். ஏரி விட்டுப்போன களிமண்தான் பக்தபூர் பக்கம் செங்கல்லாகிறது. சூளைகள் எரிவது மழையில்லாத மாதங்களில். குளிர்காற்று கிண்ணத்துக்குள் கிடப்பதுபோல் பள்ளத்தாக்கில் அசையாமல் கிடக்க, நிலக்கரிப் புகையும் அதனுள்ளேயே நிற்கும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சூளைப் புகைபோக்கிகள் பல முறிந்தன. திரும்பக் கட்டியபோது பலர் நிலக்கரி குறைவாகத் தின்னும் ஜிக்ஜாக் முறைக்கு மாறினார்கள். ஊரைத் திரும்பக் கட்டச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்குப் புகை வேண்டும். மஞ்சுஸ்ரீயின் சோபாரிலும் சுண்ணாம்புக்கல்லை நம்பி ஒரு சிமென்ட் ஆலை இருந்தது. தூசிப் பிரச்சினையால் 2002இல் மூடினார்கள்.

எங்கள் படிவத்தில் 'வளம்' என்று ஒரு கட்டம், 'மாசு' என்று ஒரு கட்டம். மீத்தேனுக்கு இரண்டிலும் டிக் போட்டு அனுப்பினேன். "ஏதாவது ஒண்ணுல போடுங்க" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது.

அந்த வாரம் போன ஒரு வீட்டில் போர்வெல் குழாயோடு வரும் வாயுவைத் தனியாகப் பிரித்து, பிளாஸ்டிக் குழாய் வழியே சமையலறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா தீக்குச்சி உரசினார். நீலமாக எரிந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது; அவருக்கோ சிலிண்டர் மிச்சம். கறுத்த தேநீர் அந்த அடுப்பிலேயே கொதித்தது.

குழாயில் கசிவு இருந்தால் தெரியாது, இதற்கு வாசனையும் கிடையாது, ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்றேன். தாய் மொழிபெயர்த்தார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"திறந்தா சூளைப் புகை வருமாம்" என்றார் தாய்.