கண்குழி அளவும் வாய்ப்புற்று ஆய்வும்: எம்.டி.எஸ். மாணவர்களுக்கு என் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய், முகத்தாடை அறுவைச் சிகிச்சைத் துறையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ முதுநிலைப் படிப்பைப் படித்த மூன்று ஆண்டுகளில் நான் இரண்டு ஆய்வுகளைச் செய்தேன். ஒன்று, வாய்ப்புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் நோய்ப்போக்கை எவை முடிவு செய்கின்றன என்பது. மற்றொன்று, இருசக்கர வாகன விபத்துகளில் கண்குழித் தரை உடைந்து வந்தவர்களின் கண்குழிக் கொள்ளளவை சி.டி. படத்தில் அளப்பது. இரண்டிலும் நான் தடுமாறிய இடம் ஒன்றே. எதை, எங்கிருந்து எங்குவரை அளக்கப்போகிறேன் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கவில்லை.

கண்குழியை முதலில் சொல்கிறேன். வளர்ந்தவர்களின் கண்குழி ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும். எலும்பு உடைந்து அது 1 மி.லி. அகன்றால் கண் ஏறத்தாழ 1 மி.மீ. உள்வாங்கும் என்பது பொதுவான கணக்கு, 2 மி.மீ. உள்வாங்கினால் எதிரே நிற்பவருக்கே தெரிந்துவிடும். அப்படியிருக்க, நான் அளந்த முதல் பத்துக் கண்குழிகளை இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளந்தபோது, சிலவற்றில் 2 மி.லி.க்கும் மேல் வித்தியாசம் வந்தது. நோயைவிட என் பிழை பெரிதாக இருந்தது. காரணம் முன்எல்லை. கண்குழிக்குப் பின்னாலும் பக்கங்களிலும் எலும்பு உண்டு. முன்பக்கம் திறந்த வாய். அங்கே கோடு போடுவது நாம்தான். நான் ஒவ்வொரு படத்திலும் கண் மதிப்பில் போட்டிருந்தேன். வெளிப்புற எலும்பு விளிம்பையும் கண்ணீர்ப்பை எலும்பின் முன்முகட்டையும் இணைக்கும் கோடே எல்லை, பின்னால் பார்வை நரம்புத் துளையின் வாயோடு நிறுத்த வேண்டும், அளக்கும் முன் தலையின் சாய்வைத் திருத்த வேண்டும் என்று விதி எழுதிக்கொண்டு, பத்தையும் முதலிலிருந்து அளந்தேன். உட்சுவர் காகிதம்போல் மெல்லியது என்பதால், உடையாத பக்கத்திலும் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தோன்றும். மென்பொருளைத் தானாக நிரப்ப விட்டால் அது மூக்கருகிலுள்ள காற்றறைகளுக்குள் கசிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கையால் வரைவதைத் தவிர வழியில்லை. ஸ்கேன் மையத்தில் ஃபிலிமோடு திரும்பாமல், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளின் டைகாம் கோப்புகளை, அதாவது கணினியில் திறந்து அளக்கக்கூடிய மூலப் படங்களை, கேட்டு வாங்குங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் உங்கள் எண்களைப் பார்க்காமல் தனியாக அளக்கட்டும்.

வாய்ப்புற்று ஆய்வு இதைவிடக் கடினமானது. நம் ஊரில் முறுக்கான் (வெற்றிலை, பாக்கு) போட்டு, புகையிலையை ஒரே கன்னத்தில் வருடக்கணக்காக அடக்கி வைப்பவர்களைப் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் பார்க்கிறோம். புண் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கும். கழுத்து நெறிக்கட்டிக்கு நோய் பரவியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதை எல்லோரும் படித்திருப்போம். புற்றுநோயின் நிலையை வகைப்படுத்தும் அமெரிக்கக் கூட்டுக்குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேட்டில் 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு, கட்டி உள்ளே ஊடுருவிய ஆழத்தையும் நோய்நிலை வகைப்பாட்டில் சேர்த்தது; 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியானாலும் ஆழம் 5 மி.மீ.ஐத் தாண்டினால் அது டி2, அதாவது கட்டி வகைப்பாட்டில் இரண்டாம் படி. ஆனால் பழைய அறிக்கைகள் பலவற்றில் இருந்தது கட்டியின் தடிமன் மட்டுமே. தடிமனும் ஆழமும் ஒன்றல்ல. பக்கத்திலுள்ள நல்ல சவ்வின் அடித்தள மட்டத்திலிருந்து, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் நேர் கீழே அளப்பதே ஆழம். வெளியே பூத்து வளர்ந்த கட்டியில் தடிமன் அதைவிட அதிகமாகவும், குழிப்புண்ணில் குறைவாகவும் இருக்கும். நோய்க்குறியியல் துறைக்குப் போய், பழைய ஸ்லைடுகளை எடுத்துத் தரச் சொல்லி, மீண்டும் அளக்கக் கேளுங்கள். பல மாலைகள் செலவாகும். செலவழிக்க வேண்டிய மாலைகள்தாம் அவை.

மீண்டும் வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டுவதால், மூன்றாண்டுப் படிப்பில் புதிய நோயாளிகளைச் சேர்த்துப் பின்தொடர்வது நடக்காத காரியம். முன்பே சிகிச்சை பெற்றவர்களின் கோப்புகளை எடுப்பதே முறை. எத்தனை நோயாளிகள் என்பதைவிட, எத்தனை பேருக்கு நோய் திரும்பியது அல்லது மரணம் நேர்ந்தது என்பதையே எண்ணுங்கள். ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகளாவது இல்லாமல், பல காரணிகளின் தாக்கத்தை ஒருசேர எடைபோடும் காக்ஸ் பகுப்பாய்வில் ஏழெட்டுக் காரணிகளைத் திணிக்காதீர்கள்.

எனக்கு நேர்ந்த பெரும் தவறு, வருகை நின்றவர்களைப் பற்றியது. “கடைசி வருகையில் நோய் இல்லை” என்று கோப்பில் இருந்தவர்களை, அந்தத் தேதிவரை நலமாக இருந்தவர்கள் என்று கணக்கிலிருந்து விலக்கி, காலப்போக்கில் எத்தனை பேர் நோயின்றி வாழ்கிறார்கள் என்று காட்டும் கப்லான்–மெயர் வரைகோட்டை வரைந்துவிட்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் விசாரிக்கச் சொன்னார். குளச்சல் பக்கத்து வீடொன்றில் மகள் எடுத்தார். “அப்பா மரிச்சு ஒன்றரை வருசம் ஆச்சு டாக்டரே. கழுத்துல திரும்பவும் கட்டி வந்துச்சு, நாங்க பிறகு அங்க கொண்டு வரல்ல.” கதிர்வீச்சுக்காகத் திருவனந்தபுரம் போய் அங்கேயே தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். வராமல் போனவர்களில் நலமானவர்களைவிட நலம் குன்றியவர்களே அதிகம் என்று தெரிந்தபின், வரைகோடு கணிசமாகக் கீழே இறங்கியது. நான் முதலில் வரைந்தது நோயாளிக்கு நாம் சொல்லக்கூடாத நம்பிக்கை.

தொலைபேசியில் விசாரிப்பதற்கான அனுமதியை நெறிமுறைக் குழுவிடம் தொடக்க விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். நடுவில் கேட்டதால் எனக்கு இரண்டு மாதம் போயிற்று. ரப்பர் பால் வெட்டுக்கும் கடலுக்கும் போகிற வீடுகளில் பேச ஆள் இருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் மாலையில், அழையுங்கள். “ஆள் இருக்கிறாரா” என்று தொடங்காமல், உங்கள் பெயரையும் துறையையும் சொல்லி, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்; மீதியை அவர்களே சொல்வார்கள்.