மகளுக்கு வாங்கிய முதல் ஏர் ரைபிள்

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கோவையில் ஒரு சுடுதளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மூன்றாவது வாரமே, "எனக்கென்று ஒரு ரைபிள் வேண்டும் அப்பா" என்றாள். யாரையும் கேட்காமல், குழலை மடித்து அழுத்திச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றை வாங்கிவந்தேன். புதிதாக வருகிற பெற்றோரில் பலர் இதையே செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பிரிங் விடுபடும்போது அந்தத் துப்பாக்கி உதறுகிறது. பெல்லட் என்கிற சிறு குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே உதறல் தொடங்கிவிடும். 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. குறி தவறியது தன் கையாலா, துப்பாக்கியாலா என்று பழகும் பிள்ளைக்குப் புரியவே புரியாது. பயிற்சியாளர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "உடம்பு முதலில் நிற்கப் பழகட்டும் சார். நான்கு மாதம் இங்குள்ள ரைபிளே போதும்" என்றார். அந்த நான்கு மாதத்தில் பாதி நேரம் அவள் பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போனது. ஆனால் நிற்கும் நிலை படிந்த பிறகுதான் அவளுக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு எடை பொருந்தும் என்றே தெரிந்தது. போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அதற்காக அந்த எடையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இடுப்பில் ஏற்றக் கூடாது.

அழுத்தக் காற்றில் இயங்கும் புதிய ஜெர்மன் ரைபிள் 2 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நான் பழையதைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, குழல் சுத்தமாக இருந்தது, விசையும் நன்றாக இருந்தது. பணம் கொடுத்து வாங்கி வந்த பிறகு பயிற்சியாளர் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டரைத் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைக் காட்டினார். தயாரித்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுதான். விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் உபகரணச் சோதனையிலேயே சிக்கல் வரும். அதைவிட, 200 பார் அழுத்தம் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. புதிய சிலிண்டர் வாங்கியதில், மிச்சம் பிடித்ததாக நான் நினைத்த பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய ரைபிள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் படியுங்கள். நிரப்புவது உலர்ந்த காற்றாக மட்டுமே இருக்கட்டும். ஆக்சிஜன் நிரப்பினால் வெடிக்கக்கூடும்.

உரிமம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டியதில்லை. போட்டி ரைபிள்களின் ஆற்றல் இதில் பாதிகூட வராது. வாங்கப் போகும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள்.

எந்த நிறுவனத்தின் ரைபிள் என்பதைவிட அது உடம்புக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதே முக்கியம் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பயிற்சியாளர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்த பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். கழுத்தை வளைக்காமலே கண், குறிபார்க்கும் பின்பக்கத் துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டுமாம். முதல் முறை ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது. கன்னப்பலகையைச் சிறிது ஏற்றினார், தோள்தகட்டை இறக்கினார், மறுபடி கண்ணை மூடச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு அவள் கண்ணைத் திறந்தாள், எதுவும் சொல்லாமல் சிரித்தாள். கன்னப்பலகையையும் தோள்தகட்டையும் இப்படி ஏற்றி இறக்க முடியாத ரைபிளை வளரும் பிள்ளைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

சுடும்போது அணியும் ஜாக்கெட்டைப் பழையதாகவே வாங்கினோம். ஒரு வருடத்தில் சிறிதாகிவிடும். பெல்லட்டில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலையளவு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்கி, எதில் சுட்டால் துளைகள் நெருக்கமாகக் குவிகின்றன என்று பார்த்த பிறகே மொத்தமாக வாங்கினோம்.

பெல்லட் ஈயம். சுட்ட கையோடு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் ரைபிள் பெட்டிக்குள் போகும் முன் குழல் காலி என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சரடு அதில் ஏறுகிறது, அதன் பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல். இப்போது நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை.