எந்த ‘ஷுட்’, மனே?

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது நான் எட்டாம் வகுப்பு. பாடசாலை திறக்க நாளாகும் என்று தெரிந்ததும், எங்கள் ஆங்கில டீச்சர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் வகுப்பறையிலேயே இருத்திப் படிப்பித்தார். வாங்குகள் நனைந்து ஊறிப்போயிருந்தன. தலைக்கு மேலே கூரை இல்லை, வானம்தான்.

அன்று புத்தகம் திறக்கவில்லை. ஆளுக்கொரு வசனம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவனின் அப்பா சூறாவளிக்கு முதல் நாள் வாகரைப் பக்கம் போனவர், இன்னும் திரும்பவில்லை. அவன் எழுதியது: ‘மை ஃபாதர் மஸ்ட் கம்.’

டீச்சர் அவனுக்குப் பக்கத்தில் வந்து வாங்கில் இருந்தார்.

“மனே, மனசில நினைச்சதைத் தமிழில சொல்லு பாப்பம்.”

“அப்பா இதுக்குள்ள வந்திருக்க வேணும், டீச்சர்.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஈர வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதினார். ‘ஹீ மஸ்ட் ஹாவ் கம்’ என்றால், வாசலில் செருப்பைக் கண்டுவிட்டுச் சொல்வது. வந்துவிட்டார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ‘ஹீ ஷுட் பி ஹோம் பை நவ்’ என்றால், தூரத்தையும் நாளையும் கணக்குப் பார்த்துச் சொல்வது. வழியில் மரம் விழுந்து கிடந்தால் கணக்குப் பிழைக்கவும் கூடும். ‘ஹீ ஷுட் ஹாவ் கம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் அவர் வரவில்லை என்றே ஆகிவிடும், அதில் ஒரு குறையும் ஒட்டிக்கொள்ளும். தமிழில் இது எல்லாவற்றுக்கும் ‘வந்திருக்க வேணும்’ ஒன்றே போதும். மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சொல்லையே தேட வேண்டும்.

அவன் கொப்பியில் இரண்டாவது வசனத்தை எழுதினான். அவன் அப்பா இரண்டு நாள் கழித்து நடந்தே வந்து சேர்ந்தார்.

அதே ‘ஷுட்’ புத்திமதிக்கும் வரும் என்பதை டீச்சர் கிணற்றடியில் காட்டினார். கிணறெல்லாம் கலங்கிக் கிடந்த நேரம். ‘யூ ஷுட் பொயில் த வோட்டர்’ என்றால் கொதிக்க வைப்பது நல்லது. ‘யூ ஹாட் பெட்டர் பொயில் இட்’ என்றால், வைக்காவிட்டால் வயிற்றால் போகும் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. ‘ஹாட்’ என்று இறந்தகாலம் போலத் தெரிந்தாலும் பேச்சு இனி நடக்கப் போவதைப் பற்றியது. ‘மே’, ‘மைட்’ இரண்டும் நடக்கலாம் என்பதற்குத்தான். ‘மைட்’ சற்று மெலிந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் சொல்லித் தராத ஒன்றை லண்டனில் வேலைக்குப் போன இடத்தில் படித்தேன். மேலதிகாரி என் கணக்குத் தாளைப் பார்த்து, ‘யூ மைட் வோன்ட் டு செக் தட் அகெய்ன்’ என்றார். விரும்பினால் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு தாளை அப்படியே அனுப்பிவிட்டேன். பிழை மறுநாள் தெரிய வந்தது. அந்த மெலிந்த ‘மைட்’ மரியாதைக்காகப் போட்ட போர்வை. உள்ளே இருந்தது கட்டாயம் என்று சொல்லுமளவுக்குக் கனத்த புத்திமதி. புதிதாக இங்கு வரும் நம் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு நேர்மாறான வேலை. இங்கே பிறந்த பிள்ளை ஒன்று கேட்டது: “‘போகலாம்’ என்றால் போக அனுமதியா, போகக்கூடும் என்பதா, வாங்க போவோம் என்று கூப்பிடுவதா?” மூன்றும்தான் என்றேன். முன்னாலும் பின்னாலும் என்ன பேச்சு என்று பார்க்கச் சொன்னேன்.

கடைசியாக ஊருக்குப் போனபோது டீச்சரைக் கல்லடியில் அவர் வீட்டில் பார்த்தேன். விடைபெறும்போது, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருவாயா என்று கேட்டார்.

“ஐ ஷுட் பி ஹியர், டீச்சர்.”

கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அது எந்த ‘ஷுட்’, மனே?”

“ரெண்டும்தான் டீச்சர்” என்றேன். அவர் கையை விடவில்லை.