வாட்டம்

கடப்பாரையோடு லோக்கல் ரயில் ஏறப் போனால் என்ன ஆகும் என்று கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். நாங்கள் மூன்று பேர். கையில் இரண்டு மம்முட்டி, ஒரு கடப்பாரை, கோணியில் சுற்றிய கொடுவாள் இரண்டு. பிளாட்பாரத்தில் நின்ற போலீஸ்காரர் கோணியை லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, எங்க வேல?"

"எண்ணூர் பக்கம் சார். பாதை போடறோம்."

"காண்டிராக்டா?"

"இல்ல சார், சும்மா."

"சும்மாவா?"

கொடுவாளைவிட அந்த 'சும்மா'தான் அவருக்கு உறுத்தியது. கூட வந்த மேஸ்திரி அண்ணன் முந்திக்கொண்டு, "தங்கச்சி வூட்டாண்ட வேல சார்" என்றதும் விட்டுவிட்டார். அது பொய்யுமில்லை. அண்ணனின் தங்கையைக் கொடுத்த ஊர் அது.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஞாயிறு காலை உட்கார இடம் கிடைக்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று போய் எண்ணூரைத் தாண்டியதும் சட்டென்று இரண்டு பக்கமும் தண்ணீர். கொசஸ்தலை ஆறு கடலுக்குப் போகிற இடம். எதிரே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பாலத்தைக் கடக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே வாசற்படியில் போய் நிற்பேன். திட்டி வாங்குவேன்.

மலையே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு மலை மேல் வருகிற ஆசை தனி ரகம். சின்ன வயதில் நான் ஏறிய பெரிய உயரம் எங்கள் பக்கத்து மேம்பாலம். சென்னையே கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறு ஏழு மீட்டர் உயரத்தில் கிடக்கிற ஊர். அந்த ஏக்கத்தில் ஏழெட்டு வருஷமாக எங்கே மலை என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தமிழ்நாடு அரசு 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தபோது அதில் நமக்குக் கிட்டத்தில் இருந்தது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. அதற்கும் போய்வந்தாயிற்று. அந்தப் பக்கம், அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழையவை என்கிறார்கள். அதை ஒட்டி ஓடுவதும் இதே கொசஸ்தலைதான். அங்கே கல்லைச் செதுக்கியவர்கள் இந்த ஆற்றங்கரையில் கால் வைத்த இடமெல்லாம் பாதைதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆற்றின் இந்த முனையில் நானே ஒரு பாதைக்கு மண் சுமப்பேன் என்று நினைக்கவில்லை.

போன வருஷம் ஜவ்வாது மலையில் பாதை சீரமைக்கிற வேலைக்கு ஒரு கூட்டத்தோடு இரண்டு நாள் போனேன். அதுவரைக்கும் பாதை என்றால் நடக்க நடக்கத் தானாக விழுவது என்றுதான் எண்ணம். பாதையைக் கெடுப்பதில் காலுக்குக் கொஞ்சம் பங்கு, தண்ணீருக்குத்தான் பெரும் பங்கு என்பது அங்கே புரிந்தது. சரிவில் நேர்க்கீழாக இறங்குகிற பாதை இரண்டு மழையில் ஓடையாகிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்காக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பாதையின் ஏற்றம் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 40 சதவீதமென்றால் பாதை 20க்குள். முழு நீளத்துக்கும் சராசரி போட்டால் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கத்து ஓரம் மலைப்பக்கத்து ஓரத்தைவிட 5 சதவீதம் போலத் தாழ்ந்திருந்தால், தண்ணீர் பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். நடுநடுவே ஒரு சின்ன இறக்கமும் ஏற்றமும் வைத்துவிட்டால், தப்பித்த தண்ணீரும் அங்கே வெளியேறிவிடும்.

இதையெல்லாம் ஏதோ வேதம் படித்தவன் மாதிரி வந்து சொன்னேன். மேஸ்திரி அண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு, "இதுக்கா ஜவ்வாது மல வரிக்கும் போன? மொட்ட மாடிக்கு வாட்டம் வெக்கறோமே, அதான்டா இது" என்றார்.

அங்கே இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒருவர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பற்றிச் சொன்னார். 1921இல் ஒருவர் எழுதிய யோசனை, 1937இல் முழுப் பாதையானது. சுமார் 3,500 கிலோமீட்டர். இன்றைக்கும் பெரும்பகுதியைப் பராமரிப்பது தன்னார்வலர்கள். எனக்கு மலைப்பாக இருந்தது. பன்னிரண்டு பேர் இரண்டு நாள் முதுகொடிய வெட்டி நாங்கள் போட்டது 60 மீட்டர்.

எண்ணூர் வேலை வந்தது மேஸ்திரி அண்ணனின் தங்கை வழியாக. கழிமுகத்தை ஒட்டிய குப்பம் அது. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அடுத்த ஞாயிறே பைக்கில் செல்ஃபி கூட்டம் வந்து நிற்கும். ஊரிலிருந்து தண்ணீர்க் கரை வரை முன்னே ஓர் ஒத்தையடிப் பாதை இருந்திருக்கிறது. ஏறக்குறைய 800 மீட்டர். எறா பிடிக்கப் போகிறவர்கள், கூடை சுமந்து வருகிற பெண்கள் எல்லாம் அதில்தான் நடந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்ததே, அப்போது பல வாரம் தொழில் நின்றுபோனது. கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்ற படங்கள் நினைவிருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த பாதையைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. திரும்பத் தொழிலுக்குப் போனபோது பாதை இல்லை. பெண்கள் லாரி ஓடுகிற ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் வைத்த நிபந்தனை இரண்டு. கண்டல் செடி, அதாவது அலையாத்தி, ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. ஜேசிபி வரக்கூடாது. இரண்டாவது எனக்கு முதலில் புரியவில்லை. ஒரே நாளில் முடிந்துபோகுமே என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், "அது ஒரு தபா வந்தா, அப்பால வழி லாரிக்குத்தான்" என்றார்.

முதல் இரண்டு ஞாயிறு கருவேலத்தோடு போயிற்று. இதை வெட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே வெட்டினால் பத்துக் கிளையாகத் திரும்பி வரும், வேரோடு தோண்ட வேண்டும். ரப்பர் செருப்போடு வராதீர்கள், முள் அடியில் ஏறி மேலே எட்டிப் பார்க்கும். ஷூவுக்குள்ளேயே எனக்கு ஏறியது. டி.டி. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் நொண்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

மூன்றாவது ஞாயிறு நான் ஜவ்வாது மலைப் படிப்பைக் காட்டினேன். புதர் நீங்கிய இடத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி, தண்ணீர்ப் பக்கமாகச் சின்னச் சரிவு கொடுத்து, அழகாக ஒரு பாதை. போட்டோவெல்லாம் எடுத்தோம். அந்த வாரமே மழை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் நாங்கள் சுரண்டிய அளவுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு குட்டை, 40 மீட்டர் நீளத்துக்கு. குட்டையைச் சுற்றி இடப்பக்கம் ஒரு பாதை, வலப்பக்கம் ஒரு பாதை. சேற்றில் இறங்க யாருக்கு மனசு வரும்? ஒத்தையடிப் பாதையைத் திருத்தப் போய் மூன்றடிப் பாதை ஆக்கி வைத்திருந்தோம்.

வெட்கமாக இருந்தது. வருஷா வருஷம் நவம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்று, "தண்ணி போறதுக்கு வழியே இல்ல" என்று சொல்லி வளர்ந்தவன் நான். மலையில் தண்ணீர் அவசரக்காரன், வழியை மட்டும் காட்டினால் ஓடிவிடும். நம் பக்கம் அது விருந்தாளி, வந்தால் போகாது. தட்டையான நிலத்தில் பள்ளம் பறித்துப் பாதை போடுகிற முட்டாள்தனத்தை வடசென்னைக்காரன் செய்யலாமா?

மேஸ்திரி அண்ணன் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அதுதான் வலித்தது. டியூப் மட்டத்தை எடுத்து, நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையிலும் ஆளை நிறுத்தி, குச்சி குச்சியாக அடையாளம் போட்டுக்கொண்டே போனார். 800 மீட்டரில் மேட்டுக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் ஒன்றரை அடிகூட இல்லை. "இத்த வெட்டக்கூடாது. தூக்கணும்" என்றார். இரண்டு பக்கமும் சின்னக் கால்வாய் எடுத்து, அந்த மண்ணையே நடுவில் போட்டு முக்கால் அடி உயர்த்தி, நடு முதுகு கொஞ்சம் தூக்கலாக, இரண்டு ஓரத்துக்கும் வாட்டம். மண் சரியாமலிருக்க, வெட்டிய கருவேலக் கட்டைகளையே ஓரத்தில் பதித்தோம். விரோதியை வேலைக்கு வைத்துக்கொண்டது போல. தண்ணீர் ஏறி இறங்குகிற இரண்டு இடங்களில் மண்ணே போடவில்லை. அங்கே அடைத்தால் அந்தப் பக்கத்துக் கண்டல் செத்துப்போகும். திறந்தே விட்டு, மேலே பனங்கட்டை போட்டோம்.

வெளிநாட்டில் சதுப்பு நிலத்துப் பாதைகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார்.

மேல் பூச்சுக்கு என்ன போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. களிமண் மட்டும் போட்டால் மழையில் வழுக்கும். பாதை வேலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: பொருளைத் தூரத்திலிருந்து கொண்டுவராதே, பக்கத்தில் கிடைப்பதை வைத்துக் கட்டு. பக்கத்தில் கிடைப்பது சாம்பல். அனல்மின் நிலையத்துக் குழாய் கசிந்து பல வருஷமாகக் கழிமுகத்தில் படிந்த சாம்பல், கரையெல்லாம் கிடக்கிறது. எங்களில் ஒருவன், இன்ஜினியரிங் முடித்த தம்பி, "ஃப்ளை ஆஷ் கலந்தா கெட்டியாயிடும், செங்கல்லே செய்றாங்க" என்றான். தப்பில்லை, செய்கிறார்கள்.

கூழ் கொண்டுவந்த ஆயா கேட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி அண்ணனின் தங்கைக்கு மாமியார். அறுபது எழுபது வயதிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே எறா தடவிப் பிடிக்கிற ஆள்.

"தண்ணிக்குள்ளதான் காலுக்கு அடில சாம்பலு. மேல ஏறி வந்தாலும் அத்தையே மிதிக்கணுமா கண்ணு?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அந்தச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும், மழையில் கரைந்து திரும்பத் தண்ணீருக்கே போகும் என்று நாங்களே யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் ஊருக்குப் பின்னால் குவிந்து கிடந்த பழைய கிளிஞ்சலை நொறுக்கிக் களிமண்ணோடு பிசைந்து பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்தோம். திமிசு போடுவது சாமானியமில்லை. ஜிம்முக்குப் பணம் கட்டுகிற நண்பர்கள் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம். பன்னிரண்டு பேர் வந்தால் ஒரு நாளைக்கு 80 மீட்டர் போகும். ஆறு பேர் வந்தால் அதில் பாதிகூடப் போகாது, பேச்சுதான் அதிகமாகும்.

ஆயாவிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. மலையில் பாதைக்கு மேலே தொங்கும் கிளையை, பை மாட்டிய ஆள் குனியாமல் போகிற உயரத்துக்கு வெட்டச் சொல்வார்கள். நான் கையைத் தூக்கி, எட்டுகிற வரை வெட்டியிருந்தேன். ஆயா காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து காட்டியது. கூடை இரண்டு இடத்தில் கிளையில் தட்டியது. "மீன் இருந்தா எல்லாம் ரோட்ல" என்றது. அப்புறம் கூடை தலையில் இருக்கும்போதே பக்கத்தில் கொடுவாளோடு ஒருவன் நடந்தான். சுமை வைத்த பெண் கீழே குனிந்து காலடி பார்க்க முடியாது என்பதையும் அன்றுதான் யோசித்தேன். படி வைக்கலாம் என்று நினைத்திருந்த இரண்டு இடத்தையும் சாய்வாக மாற்றினோம்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் ஞாயிறு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனோம். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. மடவைக் குழம்பு, சுடு சோறு, ஒரு நாள் எறா தொக்கு. வேலைக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை ஐந்தாவது வாரத்திலிருந்து கூடியதற்கு சுற்றுச்சூழல் அக்கறை மட்டும் காரணமில்லை.

பதினாறு ஞாயிறு ஆயிற்று, அக்டோபர் நடுவில் முடித்தோம். பெரிய மழைக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டு, தனியாக, கடப்பாரை இல்லாமல் போனேன். எங்கள் தெருவில் அன்றைக்குக் கணுக்கால் தண்ணீர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அங்கே பக்கக் கால்வாய் இரண்டும் நிரம்பிப் பழுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, நகர்ந்தது. நடுவில் கிளிஞ்சல் வெள்ளையாகத் தெரிந்தது. வெறுங்கால் தடங்கள், ஒரு சைக்கிள் டயர்த் தடம், நாய் ஒன்றின் தடம். ஓரத்தில் இறங்கிப் போன தடம் இருக்கிறதா என்று குனிந்து தேடிக்கொண்டே நடந்தேன்.

எதிரே ஆயா, தலையில் கூடை. என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை.

"ரெண்டாவது பனங்கட்டையாண்ட மண்ணு எறங்கிட்ச்சி. உங்கண்ணன்கிட்ட சொல்லு, ஞாயித்திக்கெழம ரெண்டு சட்டி போட்டா போதும்."

சொல்லிக்கொண்டே கடந்து போய்விட்டது. நான் பனங்கட்டை வரை போய்ப் பார்த்தேன். இரண்டு சட்டி போதாது, நாலு சட்டியாவது வேண்டும்.