லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு ஜாஸ் ஆராதனை

நியூயார்க் போனால் ஜாஸ் கேட்காமல் திரும்பக் கூடாது என்று கிளம்பும்போதே நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு கிரீனிச் வில்லேஜில் ஒரு கிளப்புக்குப் போனேன், நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் என்னை உலுக்கிப்போட்டது ஞாயிறு மாலை மன்ஹாட்டன் நடுவில் ஒரு லுத்தரன் தேவாலயத்தில் கேட்ட வாசிப்புதான்.

செயின்ட் பீட்டர்ஸ் சர்ச், லெக்சிங்டன் அவென்யூவும் 54ஆம் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. 'ஈ' தடச் சுரங்க ரயிலில் இறங்கி மேலே வந்தால் முதலில் கண்ணில் படுவது சிட்டிகார்ப் வங்கிக்காகக் கட்டிய 59 மாடிக் கட்டடம்தான். அதன் ஒரு மூலைக்கு அடியில் தனியாக நிற்கிறது தேவாலயம். பழைய தேவாலயம் இருந்த நிலத்தை வங்கிக்கு விற்றபோது, அதே முனையில் புதியதாக ஒன்று கட்டித்தர வேண்டும், உங்கள் தூண் எதுவும் அதற்குள் இறங்கக் கூடாது என்று சபையார் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பிரமாண்டமான கட்டடத்துக்கு மூலைகளில் தூண் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்பது மாடி உயரத்துக்கு ஒரு தூண் நிற்கிறது. 1977இல் திறந்த கட்டடம். அண்ணாந்து பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது!

ஆராதனைக் கூடம் தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படியிறங்கி முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். டிக்கெட் கிடையாது, காணிக்கைதான்.

இங்கே ஜாஸ் நுழைந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் கார்சியா ஜென்சல் என்று ஒரு போதகர், புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1950களில் ஜாஸ் பற்றிய ஒரு வகுப்பில் சேர்ந்தவர், அப்புறம் இரவு இரவாக கிளப்புகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். இசைக்கலைஞர்களோடு பேசினார், அவர்கள் வீட்டுக் கல்யாணங்களை நடத்தினார், ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார். சனி இரவு விடிய விடிய வாசிப்பவர்களை ஞாயிறு காலை ஆராதனைக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? 1965இல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஜாஸ் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் இவருக்காகவே ஒரு இசைக்கோவை எழுதினார், இரவு மந்தையைக் காக்கும் மேய்ப்பன் என்று பெயர் வைத்து. 1967 ஜூலையில் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் இறுதி ஆராதனை இதே முனையில் இருந்த பழைய தேவாலயத்தில்தான் நடந்தது. சக சாக்ஸபோன் கலைஞர்களான ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் வாசித்து வழியனுப்பினார்கள். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை 1982இல் இந்தப் புதிய கூடத்திலிருந்து அனுப்பிவைத்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டுப் போனதால், பெஞ்சில் உட்கார்ந்ததுமே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்று நான்கு பேர் வாசித்தார்கள்: பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், டெனர் சாக்ஸபோன். முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையின் மெட்டை நேராக வாசித்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே சாக்ஸ் வாசித்தவர் அதை விட்டு விலகிப் போக ஆரம்பித்தார். நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, ஜாஸுக்கு உயிரே அதுதான். மெட்டு எங்கே போனது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது பேஸில் மட்டும் அதன் எலும்புக்கூடு கேட்கும். பேஸ் வாசித்தவர் வலது கையின் இரண்டு விரல்களில் டேப் சுற்றியிருந்தார். ஒவ்வொரு முறை தந்தியை இழுத்து விடும்போதும் சுரத்துக்கு முன்னால் டப் என்று ஒரு சின்னச் சத்தம். மைக் வைத்த இடத்தில் இது கேட்டிருக்குமா தெரியாது, நான் உட்கார்ந்திருந்த தூரத்தில் தெளிவாகக் கேட்டது.

அப்புறம் வேத வாசிப்பு. வயதான ஓர் அம்மா எழுந்துவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைபிளின் 130ஆம் சங்கீதத்தைப் படித்தார். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்குமே, அது. பியானோக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடியில் வாசித்தார். அம்மா மூச்சு வாங்கினால் இவர் ஒரு கோர்வை, அவர் குரல் எழும்பினால் இவர் அடங்கிவிடுவார். விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைப் பற்றிய வரி வந்தபோது அம்மா புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. தாள் ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளி முழுக்க பியானோ ஒரே சுரத்தில் நின்றது, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாக. பக்கம் திரும்பியதும் அடுத்த வார்த்தையோடு சேர்ந்து கை நகர்ந்தது. ஒத்திகை பார்த்து யாரும் இப்படிச் செய்ய முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாசிப்பு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. வெள்ளிக்கிழமை கேட்ட கிளப்பில் ஒவ்வொரு தனி ஆவர்த்தனத்துக்கும் தட்டினார்கள், வாசிப்பவர்களும் கடைசிச் சில வரிகளை அந்தத் தட்டலை நோக்கியே ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் தப்பில்லை, அதுவும் ஒரு சந்தோஷம். ஆனால் இங்கே ஏற்றி முடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சாக்ஸ்காரர் ஒரு யோசனையைப் பாதியில் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க முடிந்தது, டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்க முடிந்தது. யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை என்றால் கலைஞர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். ஜாஸ் பிறந்த இடம் கிளப் என்றே பேசுகிறோம். அந்தக் கலைஞர்களில் எத்தனையோ பேர் சின்ன வயதில் முதலில் பாடியதும் வாசித்ததும் ஒரு சர்ச்சில்தான் என்பதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

கடைசி ஆசீர்வாதத்துக்கு அப்புறம் நால்வரும் வேகமான ஒன்றை எடுத்தார்கள். அப்போது கூடமே எழுந்து நின்று தட்டியது, நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் இருந்தால் ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். பியானோக்காரரின் கை தெரிகிற பக்கமாக உட்காருங்கள். அப்படியே சிற்பி லூயிஸ் நெவல்சன் வெள்ளை மரச் சிற்பங்களால் வடிவமைத்த சிறிய ஜெபக்கூடமும் அங்கேயே இருக்கிறது, அதற்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.