பேட்ரோனி நாட்குறிப்பு: பழைய பிரைமரி கையை விட்டதா?

3 மார்ச் 2025

மூன்று சர்வர். ஒவ்வொன்றிலும் போஸ்ட்கிரெஸ் 16 (டேட்டாபேஸ்), பேட்ரோனி 4 (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்றை அதன் இடத்தில் ஏற்றும் மேலாளர்), எட்சிடி 3.5 (மூன்று சர்வரும் பகிரும் சிறு பதிவேடு). ஏன் மூன்று என்றால், எட்சிடிக்குப் பெரும்பான்மை வேண்டும்: மூன்றில் ஒன்று விழுந்தால் இரண்டு மிஞ்சும். நான்காக்கினாலும் ஒன்று விழுவதைத்தான் தாங்கும். நான்காவதற்குச் செலவழிப்பது வீண்.

டேட்டா எழுதும் கோரிக்கைகளை (எழுத்துகளை) வாங்கும் ஒரே சர்வர் பிரைமரி, அதை நகலெடுப்பவை ரெப்ளிகாக்கள். யார் பிரைமரி என்பதை போஸ்ட்கிரெஸ் முடிவு செய்வதில்லை. எட்சிடியில் 'லீடர்' என்ற ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் பிடித்திருப்பவரே பிரைமரி. ஆகவே முதல் கவனம் எட்சிடியின் டிஸ்க். எட்சிடி தன் ஒவ்வொரு எழுத்தும் டிஸ்கில் நிஜமாகவே இறங்கும்வரை காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் செக்பாயின்ட் (மெமரியில் சேர்ந்த மாற்றங்களை டிஸ்கில் இறக்குவது) அதே டிஸ்கை அடைத்தால் எட்சிடியின் 100 மில்லிசெகண்ட் துடிப்பு ('உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி) தவறும், 1000 மில்லிசெகண்டில் எட்சிடிக்குள் தலைவர் தேர்தல் தொடங்கும். அது திரும்பத் திரும்ப நடந்தால் பூட்டைப் புதுப்பிக்க முடியாமல், நல்ல நிலையில் இருக்கும் பிரைமரியே பதவி இறங்கிவிடும். எட்சிடிக்குத் தனி எஸ்எஸ்டி கொடுக்கவும். எழுத்துத் தாமதம் 99 சதவீத நேரம் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும்.

4 மார்ச்

டெபியன் லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் பேக்கேஜைப் போட்டதுமே 'மெயின்' என்று ஒரு டேட்டாபேஸ் தானாக உருவாகி ஓடத் தொடங்கும். முதலில் போஸ்ட்கிரெஸ்-காமன் பேக்கேஜை மட்டும் போட்டு, கிரியேட்கிளஸ்டர் கான்ஃபிக் கோப்பில் 'கிரியேட் மெயின் கிளஸ்டர்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு மற்றதைப் போடுவதே சரி. சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்துவது) போஸ்ட்கிரெஸ் சர்வீஸையும் நிறுத்தி, சர்வர் தொடங்கும்போது தானாக எழாதபடி முடக்கவும். இதை விட்டால் இன்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து பழைய பிரைமரி ரீபூட் ஆகி, பேட்ரோனிக்குத் தெரியாமலே எழுத்துகளை வாங்கும். ஒரே உறையில் இரண்டு வாள்.

இன்னொன்று: பேட்ரோனியின் யாம்ல் அமைப்புக் கோப்பில் உள்ள பூட்ஸ்ட்ராப் பகுதி, கிளஸ்டர் பிறக்கும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கப்படும். பிறகு அதில் என்ன மாற்றினாலும் பலிக்காது. 'பேட்ரோனிசிடிஎல் எடிட்-கான்ஃபிக்' கட்டளை வழியாக மாற்ற வேண்டும். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் (இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை) போன்றவற்றை ஒரு சர்வரின் கோப்பில் மட்டும் தனியாக ஏற்ற முடியாததற்கும் காரணம் உண்டு. ரெப்ளிகாவின் எண் பிரைமரியின் எண்ணைவிடக் குறைந்தால் ரெப்ளிகா எழவே மறுக்கும்.

6 மார்ச்

இன்று நேரக் கணக்கு. இயல்பான எண்கள்: டிடிஎல் (பூட்டின் ஆயுள்) 30, லூப் வெயிட் (பேட்ரோனியின் சுற்றுகளுக்கு இடைவெளி) 10, ரீட்ரை டைம்அவுட் (எட்சிடி பதில் தராதபோது மறுபடி முயலும் நேரம்) 10, எல்லாம் நொடியில். விதி: லூப் வெயிட்டோடு இரண்டு ரீட்ரை டைம்அவுட்டைக் கூட்டினால் டிடிஎல்லைத் தாண்டக் கூடாது. 10 + 20 = 30, இடுக்கே இல்லை. சர்வரே செத்தால் பூட்டு காலாவதியாக அதிகபட்சம் 30 நொடி, அதன் பிறகுதான் ரெப்ளிகாக்கள் போட்டியிடும். டிடிஎல்லை 20 வரை இறக்கலாம், அதற்குக் கீழே பேட்ரோனி விடாது. இறக்கினால் ரீட்ரையை 5 ஆக்க வேண்டும். ஆனால் அப்போது நெட்வொர்க் லேசாகத் தடுக்கினாலும் ஃபெயில்ஓவர் (பிரைமரி பதவி வேறு சர்வருக்குப் போவது) நடக்கும். நம்பகமில்லாத நெட்வொர்க்கில் 30ஐத் தொடாமல் விடுவதே மேல்.

போஸ்ட்கிரெஸ் புராசஸை மட்டும் கொன்று "ஃபெயில்ஓவர் நடக்கவில்லையே" என்று கேட்பவர்கள் அதிகம். நடக்காதுதான். பேட்ரோனி உயிரோடு இருப்பதால் அதே இடத்தில் எழுப்பப் பார்க்கும். பிரைமரி ஸ்டார்ட் டைம்அவுட் 300 நொடி, அதுவரை பூட்டை விடாது. காத்திருக்க முடியாது என்றால் அதை 0 ஆக்கலாம்.

7 மார்ச்

எளிதாகக் கடந்துபோகும் இடம் வாட்ச்டாக். மெமரி நெருக்கடியில் பேட்ரோனி உறைந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டு காலாவதியாகி வேறொரு சர்வர் பிரைமரி ஆகிறது. பழையதற்கு அதைச் சொல்ல ஆளில்லை, அது எழுத்துகளை வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வாட்ச்டாக்: பேட்ரோனி தட்டாவிட்டால் சர்வரையே ரீபூட் செய்துவிடும்.

லினக்ஸ் கெர்னலின் மென்பொருள் வாட்ச்டாக்கான சாஃப்ட்டாக் மாட்யூலை ஏற்றி, வாட்ச்டாக் டிவைஸை போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உரிமையாக்கி, மோடை 'ரிக்வயர்ட்' என்று வைக்கவும். 'ஆட்டோமேட்டிக்' என்றால் டிவைஸ் கிடைக்காதபோது சத்தமில்லாமல் அது இல்லாமலே ஓடும். 'ரிக்வயர்ட்' என்றால் வாட்ச்டாக் இல்லாத சர்வர் பிரைமரி ஆகவே முடியாது. சேஃப்டி மார்ஜின் 5 நொடி, அதாவது பூட்டு காலாவதியாகும் 5 நொடிக்கு முன்பே ரீபூட். சாஃப்ட்டாக் கெர்னலுக்குள்ளே இருப்பது, கெர்னலே உறைந்தால் அதுவும் சேர்ந்து உறையும். ஹார்டுவேர் வாட்ச்டாக் இருக்கும் இயந்திரத்தில் அதையே பயன்படுத்தவும்.

10 மார்ச்

ஃபெயில்ஓவரில் எவ்வளவு டேட்டா போகலாம்? 'மேக்ஸிமம் லேக் ஆன் ஃபெயில்ஓவர்' 1048576 பைட், அதாவது 1 எம்பி. அதற்கு மேல் பின்தங்கிய ரெப்ளிகா போட்டியிடாது. ஆனால் இழப்பு 1 எம்பியோடு நிற்கும் என்று பொருளில்லை. பிரைமரியின் நிலை ஒவ்வொரு சுற்றிலும்தான் எட்சிடியில் பதிவாகிறது. கடைசிப் பதிவுக்குப் பின் எழுதியதும் சேர்ந்து போகலாம்.

பணக் கணக்கு வைக்கும் டேட்டாபேஸ் என்றால் சிங்க்ரனஸ் மோடைப் (ரெப்ளிகாவும் பெற்ற பிறகே எழுத்து முடிந்ததாகச் சொல்வது) போடவும். சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை பட்டியலைக் கையால் எழுத வேண்டாம், பேட்ரோனியே எழுதும். ரெப்ளிகா ஒன்றுகூட இல்லாதபோது பேட்ரோனி சிங்க்ரனஸைத் தளர்த்தி எழுத்தை அனுமதிக்கும். 'ஸ்ட்ரிக்ட்' போட்டால் எழுத்து நிற்கும். டேட்டாவின் பாதுகாப்பா, தடையில்லாத சேவையா, எதை விடுவது என்பது தொழிலின் முடிவு, டேட்டாபேஸ் நிர்வாகியின் முடிவல்ல.

12 மார்ச்

வால் (WAL) கோப்புகள்: போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவுகள். பெயர் தமிழுக்குப் பொருத்தம்தான், நறுக்காவிட்டால் நீண்டுகொண்டே போகும். ரெப்ளிகா விழுந்தாலும் அதன் ஸ்லாட் (அது எதுவரை பெற்றது என்று பிரைமரி வைத்திருக்கும் குறி) வாலைப் பிடித்து வைத்திருக்கும். பேட்ரோனி 4 அந்த ஸ்லாட்டை 30 நிமிடம் காத்துவிட்டு நீக்கும். ஆனால் அங்கே பேட்ரோனி ஓடிக்கொண்டிருந்து போஸ்ட்கிரெஸ் மட்டும் இணையாமல் இருந்தால் ஸ்லாட் போகாது, பிரைமரியின் டிஸ்க் நிரம்பும். 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' இயல்பில் -1, எல்லையில்லை. டிஸ்கைப் பார்த்து ஓர் எண் கொடுக்கவும். எல்லை தாண்டினால் அந்த ரெப்ளிகாவை 'ரீஇனிட்' (முதலிலிருந்து மறுபடி நகலெடுப்பு) செய்ய வேண்டிவரலாம்; பிரைமரி சாவதைவிட அது மேல்.

கையால் உருவாக்கிய லாஜிக்கல் ஸ்லாட்டை (மாற்றங்களை வேறு அமைப்புகளுக்கு அனுப்பப் பயன்படுவது) பேட்ரோனி தெரியாத பொருளாக எண்ணி அழித்துவிடும். கான்ஃபிக்கில் 'ஸ்லாட்ஸ்' அல்லது 'இக்னோர் ஸ்லாட்ஸ்' பகுதியில் பெயரைச் சேர்க்கவும்.

13 மார்ச்

ஹெச்ஏபிராக்ஸி: வரும் இணைப்புகளைச் சரியான சர்வருக்கு அனுப்பும் இடையாள். எழுத்துக்கு 5000 போர்ட், வாசிப்புக்கு 5001. ஹெல்த் செக் 8008 போர்ட்டில்: எழுத்துக்கு '/பிரைமரி', வாசிப்புக்கு '/ரெப்ளிகா'. 3 நொடிக்கு ஒருமுறை, மூன்று தோல்வியில் வெளியே. 'ஆன் மார்க்ட் டவுன் ஷட்டவுன் செஷன்ஸ்' மறக்கக் கூடாது. இல்லையேல் ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய சர்வரிலேயே தொங்கும்.

17 மார்ச்

சோதனை. முதலில் 'ஸ்விட்ச்ஓவர்' (திட்டமிட்டு பிரைமரியை மாற்றுவது), பிறகு பிரைமரியின் மின்சாரத்தைத் துண்டித்தல், பிறகு நெட்வொர்க்கை மட்டும் அறுத்தல். மூன்றாவதுதான் உண்மையான தேர்வு. எட்சிடியை எட்ட முடியாத பிரைமரி தானாக வாசிப்பு நிலைக்கு இறங்குகிறதா என்று அந்தச் சர்வரின் கன்சோலில் உட்கார்ந்து பார்க்கவும்.

பழைய பிரைமரி திரும்பி வந்ததும் பிஜி ரிவைண்ட் என்ற கருவி அதைப் புதிய டைம்லைனோடு (புதிய பிரைமரியின் வரலாற்றோடு) ஒட்டும். அதற்கு டேட்டா செக்சம் (சரிபார்ப்பு எண்) அல்லது வால் லாக் ஹின்ட்ஸ் என்ற போஸ்ட்கிரெஸ் அமைப்பு வேண்டும். இரண்டாவதை பேட்ரோனியே இயக்கிவிடும். பழைய பிரைமரியில் மட்டும் எழுதப்பட்டவற்றை ரிவைண்ட் அழித்துவிடும். அவை தேவைப்படலாம் என்றால் அந்தச் சர்வரில் பேட்ரோனியை எழுப்பும் முன் டேட்டா டைரக்டரியை அப்படியே வேறு டிஸ்கில் நகலெடுக்கவும்.