காலாண்டுக் கணக்கு வருமுன்

ஓகஸ்ட் 3, 2025, ஞாயிறு

கச்சான் காற்று நிற்கவே இல்லை. கல்லடி வீட்டில் எதைத் தொட்டாலும் மணல். நாள் முழுக்க ஒரே யோசனை: வாகனம் வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனியின் 2,000 பங்குகள் கையில் இருக்கின்றன, விற்பதா, வைத்திருப்பதா? ஜனவரியில் 38 ரூபாய்க்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை 55. ஜூன் காலாண்டுக் கணக்கை 45 நாட்களுக்குள், அதாவது 14ஆம் திகதிக்குள், கம்பனி வெளியிட வேண்டும்.

லாபம் கூடும் என்றே நம்புகிறேன். பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தது. மே மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை 7.75 வீதமாக இறக்கியது. வைப்பாளர்களுக்குக் கொடுக்கும் வட்டி குறையும். முன்பு கொடுத்த லீசிங் மட்டும் பழைய வட்டியிலேயே ஓடும். ஆனால் இது எனக்கு மட்டுமா தெரியும்?

ஓகஸ்ட் 5, செவ்வாய்

புரோக்கர் தம்பியிடம் பேசினேன். "நல்ல ரிசல்ட் வரும் அக்கா, விடாதீங்க" என்றார். எவ்வளவு வந்தால் நல்லது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

இரவு கொப்பியை எடுத்து நானே கணக்குப் போட்டேன். ஜனவரியிலிருந்து விலை 45 வீதம் ஏறியிருக்கிறது. மார்ச் காலாண்டில் லாபம் கூடியது 20 வீதம். மிச்சம் எல்லாம் வரப்போகும் கணக்குக்கு ஆட்கள் முன்கூட்டியே கொடுத்த விலை. 25 வீதம் கூடி வந்தாலும் "இவ்வளவுதானா" என்று விற்பார்கள்.

சரி, இப்போது விற்று, விலை இறங்கிய பிறகு திரும்ப வாங்கலாமா? விற்க 1.12 வீதம் செலவு, வாங்க இன்னொரு 1.12. பங்குக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 23 சதம். அதைவிட நன்றாக இறங்கினால்தான் எனக்கு ஏதாவது மிஞ்சும். அந்த விளையாட்டு வேண்டாம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை, பங்குச் சந்தை இல்லை. படுவான்கரைக்கு அம்மாவிடம் போனேன். சிறுபோக அறுவடை நேரம். நெல்லைக் களத்திலேயே கொடுப்பதா, வைத்திருந்து கொடுப்பதா என்று அண்ணாவுக்கும் என்னைப் போலவே குழப்பம். உரக்கடைக் கடனுக்கு வேண்டியதை உடனே விற்கிறாராம். மிச்சம் கட்டிக் கிடக்கட்டுமாம்.

என் கதையையும் சொன்னேன். அம்மா லாபம், விலை எதையும் கேட்கவில்லை. "அந்தக் காசு எதுக்கு புள்ள?" என்றார்.

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாள். விடுதி, சாமான், பயணம் என்று 50,000 ரூபாயாவது வேண்டும். 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு கிழமை சந்தையையே மூடியது இன்னும் மறக்கவில்லை. அப்போது அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டும் ஒரு பங்கைக்கூட விற்க முடியவில்லை. இந்த ஐந்து நாளும் கம்பனியின் கணக்கைப் பார்த்தேனே தவிர, என் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

1,000 பங்கை 56 ரூபாய்க்கு விற்றேன். செலவு போக 55,372 ரூபாய் 80 சதம். அது மகளுடையது. மிச்சம் 1,000 இருக்கிறது.

ஓகஸ்ட் 14, வியாழன்

நேற்று சந்தை முடிந்த பிறகு கணக்கு வந்தது. லாபம் 31 வீதம் கூடியிருக்கிறது! சந்தோஷத்தோடு உள்ளே போய்ப் பார்த்தேன். நிகர வட்டி வருமானம், அதாவது வாங்கும் வட்டியில் கொடுக்கும் வட்டி போக மிஞ்சுவது, 8 வீதம்தான் கூடியிருக்கிறது. வராக்கடனுக்கென்று முன்பு ஒதுக்கியதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்ததால்தான் லாபம் அப்படிப் பெருத்திருக்கிறது. அது ஒவ்வொரு காலாண்டும் வராது.

காலையில் 58க்குத் திறந்தது. இரண்டரைக்கு முடியும்போது 53.50.

ஆனாலும் மிச்ச 1,000ஐ விற்க மனம் வரவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. கொடுத்திருக்கும் லீசிங் தொகை மார்ச்சிலிருந்து மூன்று மாதத்தில் 11 வீதம் கூடியிருக்கிறது. புதுக் கடன் என்பதால் அதன் வட்டி இந்தக் கணக்கில் முழுசாக ஏறியிருக்காது. செப்டெம்பர் காலாண்டில் வட்டி வருமானத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதுவும் கூடவில்லை என்றால் விற்றுவிடுவேன்.